எனக்கும் கேக்கல

1.

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பெரிய பொய்யெல்லாம் இல்லை, இரண்டே சொல். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, என் மனைவியின் பட்டறையில், அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதைத் தலைப்பிலேயே போட்டு உடைத்துவிட்டேன். கதை எழுதுகிறவன் கடைசிவரை மூடி வைக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் மூன்று நாளாக வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு சோறு இறங்கவில்லை.

முதலில் நான் எழுத உட்கார்ந்தது கதையே இல்லை, ஒரு பட்டியல். என் மனைவி கிதாருக்குப் பெடல் செய்கிறவள். கிதாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் தரையில் கிடக்கும் அலுமினியப் பெட்டி அது. காலால் மிதித்தால் கிதாரின் குரல் கரகரக்கும், எதிரொலிக்கும், அழும். அவள் எந்தப் பெட்டியில் என்ன செய்கிறாளோ அதைப் பொறுத்தது.

"புதுசா பெடல் செய்ய வர்றவங்க எல்லாரும் ஒரே கேள்வியத்தாங்க கேக்கறாங்க. எந்தெந்தக் கருவி இருந்தா வேலை சீக்கிரம் முடியும்னு. பத்துக் கருவி, பத்துப் பத்தி, எழுதிக் குடுங்க. இதான் உங்களுக்குக் கை வந்த கலையாச்சே" என்றாள்.

உண்மைதான். கதை எழுதுவது என் ஆசை. பிழைப்பு, மிக்ஸிக்கும் வாஷிங் மெஷினுக்கும் கையேடு எழுதுவது.

2.

பட்டியலை எழுதி அவள் மேஜையில் வைத்தேன். பென்சிலோடு திரும்பி வந்தது. பட்டியலில் அடைப்புக்குறிக்குள் இருப்பதெல்லாம் அவள் எழுதியது. ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. என் பிதற்றல்களுக்கு நட்சத்திரக் குறி போட்டுக்கொள்கிறேன்.

*ஸ்டெப் பிட்.* டிரில்லில் மாட்டும், படிப்படியாக விரியும் கூம்பு. பெட்டியில் எந்த அளவு ஓட்டை வேண்டுமானாலும் இந்த ஒன்றே போதும். (முதல்ல ஆணியால ஒரு புள்ளி குத்திக்கணும். அத எழுதாம விட்டா ஓட்டை நகர்ந்து போகும். நீங்க போட்ட மாதிரி.)

*மூன்றாம் கை.* கனமான அடிக்கட்டை, அதன்மேல் வளையும் இரண்டு கம்பிகள், நுனியில் கிளிப்புகள். நாம் ஈயம் உருக்கிப் பற்றவைக்கும்போது சர்க்யூட் பலகையைப் பிடித்துக்கொள்ளும். (இது வந்தப்புறம்தான் உங்களக் கூப்பிடறத விட்டேன். இது பேசாது.)

*சோதனைப் பெட்டி.* ஒயர்களையும் சுவிட்சையும் பற்றவைப்பதற்கு முன்பே, பலகையைக் கிளிப்பில் மாட்டி ஒலி வருகிறதா என்று பார்த்துவிடலாம். (பாதி நேரம் மிச்சம். இத மேல கொண்டு போங்க.)

*தொடுமுனை.* ஒரு ஒயர், ஒரு கெப்பாசிட்டர், நுனியில் ஊசி. மறுமுனை ஸ்பீக்கரில். பாட்டைப் பெட்டிக்குள் அனுப்பிவிட்டு, ஒவ்வோர் இடமாக ஊசியால் தொட்டுக்கொண்டே போக வேண்டும். ஒலி எந்த இடத்தில் நின்றுபோகிறதோ அங்கேதான் கோளாறு. (பரவாயில்லையே! நல்லா எழுதியிருக்கீங்க.)

இப்படியே ஈயம் உறிஞ்சி, பித்தளைச் சுருள், மீட்டர், நல்ல வெட்டுக்குறடு, சாமான் பிரித்து வைக்கும் முட்டை அட்டை என்று போய் நின்றது. அடியில் பெரிய எழுத்தில் அவள் கேள்வி: (ஒம்பதுதான் இருக்கு. பத்தாவது எங்க எழுத்தாளரே?)

3.

கதைப் பகுதியை மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

"அவள் விரல்களில் எப்போதும் ஈயத்தின் வாசனை" — பொய். எப்போதும் சோப்பு வாசனைதான். கை கழுவாமல் ஒரு பிஸ்கட்டைத் தொடமாட்டாள்.

"முன்னொரு காலத்தில் ஒரு ஒலி இருந்தது. அந்த ஒலிக்கு" — அடச்சீ.

"செவ்வாய்க்கிழமை ஒரு பார்சல் வந்தது." இது தேவலை. இதையே வைத்துக்கொள்வோம்.

செவ்வாய்க்கிழமை ஒரு பார்சல் வந்தது. மேடைகளில் பாடகர்களுக்குப் பின்னால் நின்று வாசிக்கும் ஒரு கிதார்க்காரர் தன் பெட்டியைத் திருப்பி அனுப்பியிருந்தார். எங்கள் வீட்டில் அவருக்கு 'ஒல்லி' என்று பெயர். உள்ளே ஒரு சீட்டு: "அக்கா, பெட்டி அருமை. ஆனா உள்ள ஒரு சில்வண்டு புகுந்துடுச்சு. மிதிச்சா கத்துது."

"சில்வண்டாம்!" என்று சிரித்துக்கொண்டே அதை ஸ்பீக்கரில் மாட்டினாள். மிதித்தாள். கிதாரில் ஒருமுறை மீட்டிவிட்டு, உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கினாள்.

"எனக்கு ஒன்னும் கேக்கலையே. உங்களுக்கு?"

எனக்குக் கேட்டது. மெல்லிசாக, உச்சத்தில், ஒரே சுருதியில், பல்லைக் கூசவைக்கிற மாதிரி. அந்த அறையில் எனக்கு அதைத் தவிர வேறொன்றுமே கேட்கவில்லை.

அவள் ஸ்பீக்கர் பக்கம் ஒரு காதைத் திருப்பினாள். பிறகு மற்றதை. அப்படிச் செய்து நான் பார்த்ததேயில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"எனக்கும் கேக்கல" என்றேன்.

"அதானே பார்த்தேன்!" என்று மூச்சை விட்டாள். பெட்டியை மறுபடி கட்டி, பதில் சீட்டும் எழுதினாள்: "தம்பி, பெட்டியில் ஒரு குறையும் இல்லை. எந்நேரமும் ஸ்பீக்கர் பக்கத்திலேயே நிற்காமல் ஒருமுறை காது டாக்டரைப் பாருங்கள். அன்புடன், அக்கா."

கூரியரில் சேர்க்க என்னையே அனுப்பினாள். நானும் போய்ச் சேர்த்தேன்.

4.

இந்தக் கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. மனைவியைச் சொல்லவில்லை. கணவனைச் சொல்கிறேன். இவன் ஏன் பொய் சொன்னான்? அன்பினால் என்று எழுதினால் வாசகர் நம்பிவிடுவார், எனக்கும் நல்ல பெயர். ஆனால் அன்பு பாதிதான். மீதி பயம். முன்பு ஒருநாள் அவள் விளையாட்டாகச் சொன்னது நினைவிருந்தது:

"கண்ணு மங்குனா கண்ணாடி போட்டுக்கலாம். கை நடுங்குனா மூணாம் கை இருக்கு. காது போச்சுன்னா கடைய மூடிட்டு, உங்ககூட உக்காந்து நானும் கதை எழுத வேண்டியதுதான்."

அவளுடைய வாழ்க்கையில் நடக்கக்கூடிய மிக மோசமான விஷயம் என்று அவள் நினைத்தது அதுதான்.*

(* கதை எழுதுவதை அல்ல, காது போவதை. அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.)

புதன்கிழமை அவள் வெளியே போயிருந்தபோது அவளுடைய பழைய நோட்டைப் புரட்டினேன். ஒல்லியின் பெட்டிக்குள் எட்டுக் கால் கொண்ட ஒரு சின்ன மின்னணுச் சில்லு இருக்கிறது. ஒன்பது வோல்ட்டை இரண்டு மடங்காக்குவது அதன் வேலை. அது துடிக்கும் துடிப்பு சில சமயம் ஒலியில் கசியும். நோட்டில் அவள் கையெழுத்தில் இருந்தது: "முதல் காலையும் எட்டாம் காலையும் ஒயரால சேர்க்க மறக்காதே. அப்பத்தான் துடிப்பு யார் காதுக்கும் எட்டாத உயரத்துக்குப் போகும். இல்லேன்னா கத்தும்." புதிய பலகையை வரைந்தபோது அந்த ஒயரை மறந்திருக்கிறாள். முன்பென்றால் முதல் பெட்டியை மிதித்த உடனே பிடித்திருப்பாள்.

மேஜையில் இப்போது அதே பலகையோடு பன்னிரண்டு பெட்டிகள் இருக்கின்றன, மூடி திருகாமல். வெள்ளிக்கிழமை காலை கூரியர் வரும். இன்று வியாழன்.

5.

இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. போன வருடத்திலிருந்தே எங்களுக்குள் ஒரு சண்டை. வாஷிங் மெஷின் சண்டை. அது வேலை முடிந்ததும் 'கீங் கீங் கீங்' என்று கூப்பிடும், இவள் பக்கத்து அறையிலேயே இருந்துகொண்டு எழுந்து போகமாட்டாள். துணி ஊறி வாடை வந்துவிடும். "அது கத்துறது உன் காதுலயே விழாதா? எல்லாத்துக்கும் நான்தான் ஓடணுமா?" என்று நான் கத்துவேன். "அது கூப்பிட்டிருந்தா போயிருக்க மாட்டனா?" என்று அவளும் கத்துவாள். எனக்கு அது சமாளிப்பாகப் பட்டது. காதுல பூ சுத்தாதே என்றுகூட ஒருநாள் சொல்லிவிட்டேன்.

அந்த மெஷினின் கையேட்டை எழுதியவன் நான். 'சலவை முடிந்ததும் மூன்று முறை ஒலி எழுப்பும்.' கேட்காதவர்களுக்கு என்ன என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. அவளைத் திட்டிய ஒவ்வொரு நாளையும் நினைத்தால் கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

6.

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: அவள் தூங்கும் மதியத்தில் கணவன் பன்னிரண்டு பெட்டிகளிலும் அந்த ஒயரைத் தானே பற்றவைத்து விடுகிறான். காதும் காதும் வைத்தாற்போல் காரியம் முடிகிறது. வாசிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நான் பற்றவைத்தால் சிட்டுக்குருவி எச்சமிட்டது போலிருக்கும். ஒரே பார்வையில் அகப்பட்டுக்கொள்வேன்.

இரண்டாவது: பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு சீட்டு எழுதுகிறார்கள். பன்னிரண்டு சில்வண்டு. அப்போது அவளுக்குத் தானாகவே தெரிந்துவிடும், நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இதை எழுதி முடித்ததும் என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

மூன்றாவது: ஒரு டாக்டர் வருகிறார், ஒரு கருவி மாட்டுகிறார், அவள் கண்ணில் நீர் — இல்லை. எனக்கு அந்த வைத்தியம் தெரியாது. தெரியாததற்குக் கையேடு எழுதக் கூடாது.

தவிரவும் ஒன்று கவனித்தேன். இந்தக் கதையில் எங்கே தொட்டாலும் காதில் போய் நிற்கிறது. காதில் விழவில்லை, காதில் பூ, காதும் காதும். அவற்றை விட்டுவிட்டு எழுதிப் பார்த்தேன், வாக்கியமே ஓடவில்லை. அவள் பாராட்டிய அந்தத் தொடுமுனையைத்தான் நானும் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன் போலும். தொட்டுத் தொட்டு வந்து, ஒலி நின்ற இடம் தெரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி, என் வாய்.

7.

வாசகரே, இதுவரை உங்களோடு பேசிக்கொண்டு வந்தேன். இனிமேல் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். இந்தத் தாள்களைப் பட்டியலுக்குப் பின்னால் வைத்து, பென்சிலோடு அவள் மேஜையில் வைக்கப் போகிறேன். முதலில் படிக்கப்போவது அவள். அவள் சரியென்றால்தான் இது வேறு யார் கைக்கும் வரும். ஆகவே நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், அதிலிருந்து நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

இனி உனக்கு.

செவ்வாய்க்கிழமை எனக்குக் கேட்டதம்மா. உனக்குக் கேட்கவில்லை. ஒல்லி சொன்னது சரி. முதல் காலுக்கும் எட்டாம் காலுக்கும் ஒயர் போட மறந்திருக்கிறாய், உன் பழைய நோட்டில் பச்சை மையில் இருக்கிறது. பன்னிரண்டு பெட்டிக்கும் பன்னிரண்டு துண்டு ஒயர் வெட்டி முட்டை அட்டையில் வைத்திருக்கிறேன். அளவு தப்பாகத்தான் இருக்கும். ஒல்லிக்கு நான் போன் செய்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வாஷிங் மெஷினுக்கும் சேர்த்து உன்னிடம்.

நீ கோபப்படலாம். கடையை மூடுகிறேன் என்று சொல்லலாம். அழலாம். நேரே பற்றவைக்கும் இரும்பைச் சூடேற்றலாம். இதில் எது நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை, உன்னோடு இத்தனை வருஷம் இருந்தும். அதனால் முடிவை உன்னிடமே விடுகிறேன். பட்டியலில் பத்தாவது இடமும் காலியாக இருக்கிறது. அங்கே என் காதுகள் இரண்டையும் எழுதிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மூன்றாம் கை மாதிரி அது பேசாமல் இருக்காது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

படித்து முடித்ததும் ஒரு பெட்டியை மாட்டி மிதி. ஒயர் போடுவதற்கு முன்னால் ஒருமுறை, போட்ட பிறகு ஒருமுறை. சத்தம் நின்றதா என்று இந்தத் தடவை உண்மையைச் சொல்கிறேன். நான் பக்கத்து அறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன், கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறேன்.

கூப்பிடு. எனக்குக் கேட்கும்.