இரண்டு பேருக்கு ஏழு முதுகு

1

கோபத்தில் பிறந்த கதை இது. எங்கள் ஊர் ஜோவாலின் மல்யுத்தத் திடலில், புதுச் சுவரில் ஓவியன் மசாயேர் ஜோப் என்னை வரைந்திருக்கிறான். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன் ம்பூர் ஊர்க்காரன் பிராமைச் சாய்த்தேனே, அந்தக் குஸ்தி. முதுகு முதலில் மண்ணில் பட்டவன் தோற்றான். நடுவர் என் கையைத்தான் தூக்கினார். "மண்ணில் பட்டது லத்திர் முதுகு" என்று ம்பூர்க்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள்; லத்திர் நான்தான். படத்திலோ எங்கள் இருவருக்கும் சேர்த்து ஏழு முதுகு. (எண்ணிவிட்டேன். இரண்டு தடவை.)

2

அந்தக் குஸ்தியை நானே எழுதிப் பார்க்கிறேன். முதல் தொடக்கம்: மணல் கொதித்தது. லத்திர் சிங்கம்போலப் பாய்ந்து—

கோடு போட்டு அடித்துவிட்டேன். சிங்கத்தை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது: அவன் கை என் கழுத்தில், என் கால் அவன் தொடையில், தாயத்து அறுந்து, வானம், மணல், வானம், ம—

இது பரவாயில்லை. ஆனால் சொல் வரிசையில்தான் வருகிறது; விழுகிறவன் வரிசையாக விழுவதில்லை. அதனால்தான் அந்த ஓவியப் பயல் ஒரே உடம்பைத் திரும்பத் திரும்பப் போட்டான் போல. நின்ற சுவர் சுற்றுகிறது. பார்த்த எனக்கே கால் தடுமாறியது. ஒப்புக்கொள்ள மனசில்லை.

3

"டேய் ஜோப், இதுல எதுடா என் முதுகு?"

"ஓடுற முதுகுக்கு ஏது மச்சான் சொந்தக்காரன்?"

"அன்னிக்குச் சின்னப் பையனா நீ பார்த்தேல்ல? யாருது முதல்ல பட்டுச்சு?"

"நான் ஜோப், நீ ந்தியாய். நீ தோத்தேன்னு சொன்னா கேலிம்ப. ஜெயிச்சேன்னு சொன்னா அதைவிடப் பெரிய கேலி. போய்த் தின்னு, சோத்துமூட்டை!"

திடலோரத்து மீன்காரிகள் சிரித்தார்கள்.

(அடிக்குறிப்பு: ஜோப் வீட்டாரும் ந்தியாய் வீட்டாரும் கேலிமுறை. கோபித்துக்கொண்டவன் கெட்டான்.)

[உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கே தெரியாது. அன்று கண்ணெல்லாம் மணல். நாளைக்கு இந்தச் சுவரின் திறப்பு விழாவில், பிராம் முகத்துக்கு நேரே, ஜெயித்தது நான்தான் என்று சொல்லியாக வேண்டும்.]

4

முடிவு ஒன்று: பிராம் வரவில்லை. (வந்தான்.)

முடிவு இரண்டு: படத்தின்மேல் வெள்ளையடித்தேன். (சுண்ணாம்பு வாங்கியது நிஜம்.)

நடந்தது: பிராம் முரசோடு வந்தான், பல்லில்லாமல். படத்தை வெகுநேரம் பார்த்தான். மண்ணில் பட்டு வில்லாய் வளைந்து மின்னிய முதுகைத் தொட்டான். ஏழில் அதுதான் அழகு.

"இது என்னுது."

"போடா கிழவா! அது என் முதுகு."

"உனக்கேதுடா இப்படி இடுப்பு?"

"சத்தியமா என்னுதுடா!"

மசாயேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டான். பிறகுதான் உறைத்தது: நாங்கள் இருவரும் தோல்விக்கு அடித்துக்கொண்டிருந்தோம்.

பிராம் சட்டையைக் கழற்றினான். நானும். எழுபத்து மூன்று வயசு; முரசுக்கு அதெல்லாம் தெரியாது. நடுவர் போன வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார். இனி வாசிக்கிற நீங்கள்தான் நடுவர். உங்களை நான் நம்பவில்லை, ஆனால் வேறு ஆளும் இல்லை. இமைக்காமல் பாருங்கள். அவன் ஒரு கை என் இடுப்புத் துணியில், எனக்கு எழுத ஒரு கைதான் பாக்கி, அதையும் இப்போது