கொல்லாத களைக்கொல்லி

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை, அறிக்கையாகப் பிறந்தது.

அடையாறு காந்தி நகரில் நான் குடியிருக்கும் அடுக்ககத்துக்கு ‘வெல்வெட் லான்ஸ்’ என்று பெயர். லான்ஸ் என்று பன்மையில் இருந்தாலும் இருப்பது ஒரே ஒரு லான்தான். பதினான்கு அடிக்கு ஒன்பது அடி. (பன்மை ஏன் என்று பில்டரைக் கேட்டதற்கு, “ஒண்ணு இருந்தா இன்னொண்ணு வராமலா போய்டும்?” என்றாராம். பதினோரு வருஷமாக வரவில்லை.) கேட்டிலிருந்து கார் நிறுத்தும் இடம்வரை சிமெண்டுக் கல் பதித்த பாதை ஒன்றும் உண்டு. அதற்கு டிரைவ்வே என்று பெயர். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் பச்சை முளைத்து, மழையில் ஒரு ஸ்கூட்டர் சறுக்கியது. அதே வாரம் லானில் நெருஞ்சி முள் ஒன்று குடியிருப்போர் சங்கச் செகரட்டரியின் காலில் ஏறியது. ஸ்கூட்டர் சறுக்கியதற்குச் சங்கம் வருத்தம் தெரிவித்தது. முள் ஏறியதற்குத் துணைக்குழு அமைத்தது.

‘புல்வெளிக்கும் டிரைவ்வேக்கும் உரிய களைக்கொல்லியைத் தேர்ந்தெடுக்கும் துணைக்குழு.’ தலைவர் நான். உறுப்பினரும் நானே.

“நீங்கதான் எழுதறவராச்சே. நாலு வரி எழுதிக் குடுத்துடுங்கோ” என்றார் செகரட்டரி கல்யாணராமன். (பெயர் மாற்றப்பட்டது. இந்தப் பெயரில் மயிலாப்பூரிலிருந்து அடையாறுவரை நாற்பது செகரட்டரிகளாவது இருப்பார்கள் என்ற தைரியம்தான்.)

இருபத்தைந்து வருஷமாகப் பத்திரிகைகளில் செகரட்டரிகளையும் துணைக்குழுக்களையும் பொன்னாடைகளையும் கிண்டல் செய்து பேர் வாங்கியவன் நான். ஊரார் சாபம் இப்படித்தான் பலிக்கும் போலிருக்கிறது.

2

தொடக்கங்கள் சில:

“களை என்பது யாது? தவறான இடத்தில் முளைத்துவிட்ட—” இதைச் சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காக நிறுத்துகிறவர்களை நிறைய மேடைகளில் பார்த்திருக்கிறேன். அடித்தாயிற்று.

“வெயில் சுள்ளென்று—” டிசம்பரில் ஏது? அடித்தாயிற்று.

“லிஃப்ட் கதவு திறந்ததும் முதலில் செகரட்டரி கல்யாணராமனின் தொப்பை இறங்கியது. சற்று நேரம் கழித்து அவரும்—”

இது நல்ல வாக்கியம். இந்த மாதிரி வாக்கியங்களால்தான் என் பிழைப்பு ஓடுகிறது. ஆனாலும் மேலே எழுத ஓடவில்லை. ஏன் என்பது ஆறாம் பகுதியில் தெரியும். அதுவரை பாதியிலேயே கிடக்கட்டும்.

3

மந்தைவெளியில் வலியுல்லா பாய் விதைக்கடை வைத்திருக்கிறார். செகரட்டரி ஏற்கெனவே ஒரு கேனின் படத்தை எனக்கு அனுப்பியிருந்தார். பெங்களூர் நண்பர் சிபாரிசு. எங்கள் லானில் போட்ட கொரியன் புல்லை மட்டும் தொடாதாம், மற்ற எல்லாவற்றையும் வேரோடு முடித்துவிடுமாம். படத்தைக் காட்டினேன்.

பாய் படத்தைப் பார்க்கவேயில்லை. “என்ன களை, என்ன புல்லுன்னு தெரியாம மருந்து குடுக்க மாட்டேன் சார். ரெண்டுத்துலயும் ஒரு பிடி புடுங்கிட்டு வாங்க.”

மறுநாள் இரண்டு பைகளோடு போனேன். ஒன்றில் ‘களை’ என்றும் இன்னொன்றில் ‘புல்’ என்றும் ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருந்தேன். பாய் இரண்டையும் பேப்பர்மேல் கொட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு கிளறினார்.

“இது?”

“டிரைவ்வேல முளைச்ச களை.”

“இது?”

“லான். கொரியன் புல்.”

“யாரு சொன்னா?”

“செகரட்டரி.”

“அவரு கொரியாவ டிவிலதான் பாத்திருப்பாரு. இதுவும் அருகு, அதுவும் அருகு. இந்தா, கிழங்கோட வந்திருக்கே, இது கோரை. இது நெருஞ்சி. உங்க லான்ல லானே இல்ல சார்.”

“அப்ப இந்த மருந்தை அடிச்சா?”

“டிரைவ்வே சுத்தமாய்டும். லானும் சுத்தமாய்டும். வெறும் மண்ணு நிக்கும். ஷட்டில் ஆடலாம்.”

மந்தைவெளியிலிருந்து அடையாறு பாலம்வரை ஆட்டோவில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். டிரைவர் இரண்டு தடவை கண்ணாடியில் பார்த்தார். வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் செகரட்டரி சுற்றிக்காட்டும் லான், குடியரசு தினத்தன்று கொடியேற்றும் லான், ‘புல்லின்மேல் நடக்காதீர்’ என்று பலகை வைத்த லான், முழுக்க முழுக்கக் களை! என் வாழ்நாளின் தலைசிறந்த கட்டுரை அரையடி மண்ணுக்கு மேலே தானாக முளைத்து நின்றது. நான் அறுத்துக்கொண்டு போக வேண்டியதுதான் பாக்கி.

கேட்டைத் திறந்தேன். லான் ஓரத்தில் சந்திரிகா குந்தியிருந்து கத்தரியால் புல்லை நறுக்கிக்கொண்டிருந்தார். கட்டடத்தைப் பெருக்கி, மாடிப்படி துடைத்து, களை பிடுங்குகிறவர் அவர்தான். ஆறேழு வருஷமாக வாராவாரம் இந்தப் புல்லை ஓரம் வெட்டிச் சீர் பண்ணுகிறவர்.

சிரிப்பு நின்றது. அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

4

[இந்தப் பகுதியில் சந்திரிகா அழுதார். எழுதியதை அவரிடமே வாசித்துக் காட்டினேன். நீக்கப்பட்டது.]

5

“நான் எப்ப சார் அழுதேன்?”

“கதைல ஒரு உருக்கம் வேணும்னு…”

“ஒனக்கு உருக்கம் ஓணும்னா நீ அழு. என்ன இன்னாத்துக்கு அழ வுடுற? அன்னிக்கி வெங்காயம்கூட உரிக்கல நானு.”

“சரி, எடுத்துடறேன்.”

“பேரயும் மாத்து. சந்திரிகான்னு வை. எனக்கு அந்தப் பேரு புடிக்கும்.”

வைத்தாயிற்று. இனி அவர் சொன்னது, சொன்னபடி.

2019 கோடை. ஊரே குடத்தோடு லாரித் தண்ணீருக்கு நின்ற வருஷம். செகரட்டரி அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் புறப்படும்போது சொல்லிவிட்டுப் போனார்: புல் மட்டும் வாடக் கூடாது. குளிக்கவே ஒரு வாளி தண்ணீர்தான் என்றிருந்த கட்டடத்தில்.

“பத்தே நாள்ல செத்துப்பூட்ச்சி சார். புல்லு செத்தா யார சொல்லுவாங்க? புல்லயா சொல்லுவாங்க? மழ வந்துச்சா, அருகு தானா வந்துச்சி. கோரயும் வந்துச்சி. சரி, வந்தத வுடுவானேன்னு நறுக்கி நறுக்கி வுட்டேன். ஆறு மாசம் கழிச்சி சாரு வந்தாரு. பாத்தாரு. ‘பேஷ், பொழைச்சுடுத்தே’ன்னாரு. அவரு சந்தோசமா கீறாரு, அத நான் எதுக்குக் கெடுக்கணும்?”

“ஏமாத்தின மாதிரி ஆகாதா?”

“ஏமாத்துனேன்னு எழுதுன, வாசல்ல கோலம் போடறப்ப உன் வூட்ட வுட்டுடுவேன். பச்சையா கேட்டாங்க. பச்சையா கீது. அது கொரியாலேந்து வந்துச்சி, பத்து நாள் தண்ணி இல்லன்னதும் போய்ச் சேந்துட்ச்சி. இது கும்மிடிப்பூண்டி. சாவாது.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கத்தரியைக் கீழே வைத்தார்.

“பாப்பா பிளஸ் டூ சார். சாந்தோம்ல படிக்கிது. மார்ச்சு கடைசீல பரீட்ச முடிஞ்சிடும். அதுவரிக்கும் ரூமு இருந்தா போதும். அப்பால நானே போயி அவராண்ட சொல்லிக்கிறேன்.”

ரூம் என்பது மோட்டார் அறையை ஒட்டிய ஒற்றை அறை. அதில்தான் தாயும் மகளும் இருக்கிறார்கள். வேலை போனால் அன்றைக்கே அறையும் போகும். இரண்டு வருஷம் முன்பு ஒரு வாட்ச்மேன், போடாத மோட்டாரைப் போட்டதாகச் சொல்லிவிட்டார். சாயங்காலமே அவருடைய பாய் தலையணை தெருவில் இருந்தது. “எதை வேணாப் பொறுத்துப்பேன். பொய் மட்டும் எனக்கு ஆகாது” என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார் கல்யாணராமன். அந்த வாக்கியத்தை அப்போது ஒரு கட்டுரையில் நான் பயன்படுத்திக்கொண்டேன். நல்ல பாராட்டு. வாட்ச்மேன் எங்கே போனார் என்று நானும் கேட்கவில்லை.

6

இந்தப் பகுதியில் கல்யாணராமனை வில்லனாக்கத் திட்டமிட்டிருந்தேன். அதற்கு வேண்டியதைச் சேகரிக்கத்தான் காலை ஆறு மணிக்குக் கீழே போனேன்.

பலகையில் எழுதியிருப்பது மற்றவர்களுக்கு. அவர் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு புல்லின்மேல் நடந்துகொண்டிருந்தார். தினம் நாற்பது சுற்று.

“வாங்கோ வாங்கோ. ரிப்போர்ட் ஆச்சா?”

“ஆகிட்டே இருக்கு சார். மருந்து அடிச்சா நீங்க இதுல நடக்க முடியாதேன்னு யோசிக்கிறேன்.”

“மூணு வாரம் நடக்காம இருந்துட்டுப் போறேன். அப்பறம் முள்ளு பயம் இல்லாம நடக்கலாமோல்லியோ?” கொஞ்சம் நின்றார். “ஒங்களுக்குச் சொல்றதுக்கென்ன. சர்க்கரை. பாதம் மரத்துப்போயிடுத்து. செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியறதில்லை. இந்த முள்ளு குத்தினப்பவும் தெரியலை. சாயங்காலம் என் ஆத்துக்காரி அபயாம்தான் பார்த்துட்டு, ‘ஏன்னா, தரையெல்லாம் ரத்தம்’ங்கறா. ஆறறதுக்கு ஒரு மாசம் ஆச்சு.”

“அப்ப வெறுங்கால்ல நடக்கலாமா?”

“டாக்டர் கூடாதுங்கறார். அவருக்கென்ன தெரியும்? இந்தப் புல்லு ஒண்ணுதான் சார் என் காலுக்குத் தெரியறது. ஜில்லுனு லேசா. கால் இன்னும் இருக்குன்னு. கொரியன் புல்லோல்லியோ, அதோட மென்மையே தனி.”

மூன்றாவது தொடக்கத்தில் லிஃப்டிலிருந்து இறங்கிய அந்தத் தொப்பையை மேலே நடத்திக்கொண்டு போக எனக்கு மனசு வராமல் போனது இதனால்தான்.

7

முடிவுகள்:

(அ) அறிக்கையில் உண்மையை எழுதுகிறேன். பதினாறு வீடும் வாட்ஸப்பில் விழுந்து விழுந்து சிரிக்கிறது. கல்யாணராமன் புல்லில் கால் வைப்பதை நிறுத்திவிடுகிறார். சாயங்காலம் சந்திரிகாவின் மூட்டை கேட்டுக்கு வெளியே.

(ஆ) வாயை மூடிக்கொண்டு பெங்களூர் கேனுக்குக் கையெழுத்துப் போடுகிறேன். பத்தே நாளில் லான் மஞ்சள், பிறகு மண். மருந்து அடித்தது யார்? சந்திரிகா. “அளவு தப்பாக் கலந்துட்டா.” மூட்டை கேட்டுக்கு வெளியே.

(இ) கல்யாணராமனுக்கு இது ஆரம்பத்திலிருந்தே தெரியும். “எனக்குத் தெரியும்மா” என்று கண் கலங்கச் சிரிக்கிறார். இந்த முடிவுக்குச் சிறுகதைப் போட்டிகளில் நிச்சயம் இரண்டாம் பரிசு உண்டு. ஆனால் அவருக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்தேனே.

(ஈ) வலியுல்லா பாயிடம் மறுபடி போய்க் கேட்டேன்: “கொல்லாத களைக்கொல்லி ஏதாவது இருக்கா பாய்?”

“முப்பது வருஷமா கடை வெச்சிருக்கேன். இப்படிக் கேட்ட மொத ஆளு நீங்கதான்” என்றார். பிறகு, “கையால பிடுங்குங்க. நெருஞ்சி போகும், அருகு நிக்கும். தெனமும் பண்ணணும்” என்றார்.

8

ஆக, செய்வது இது.

காலை ஐந்தரைக்கு நானும் சந்திரிகாவும் டார்ச்சோடு லானில் குந்துகிறோம். செகரட்டரி இறங்குவதற்குள் நெருஞ்சியைப் பொறுக்கிவிட வேண்டும். நேரம் மிச்சமிருந்தால் டிரைவ்வே. சந்திரிகா கேட் பக்கத்திலிருந்து, நான் கார் பக்கத்திலிருந்து.

“நல்லா குந்து சார். இந்த வயசுல குந்தத் தெரியல, நீ இன்னாத்த ரிப்போட்டு எழுதுற?”

“முட்டி வலிக்குதும்மா.”

“எனக்கு மட்டும் இன்னா, ரப்பர்ல செஞ்சதா?”

போன வியாழக்கிழமை ஒன்று தப்பிவிட்டது. நாற்பதாவது சுற்றில் அது செகரட்டரியின் குதிகாலில் தொங்கிக்கொண்டிருந்ததை நான்தான் பார்த்தேன். அவருக்குத் தெரியவில்லை. சட்டென்று குனிந்து எடுத்துவிட்டேன்.

“என்ன சார் இது, கால்ல விழறேள்?” என்று பதறினார். பதறினாலும், கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது அவருக்கு. இருபத்தைந்து வருஷ எழுத்து அந்த இடத்தில் மண்டியிட்டுக் கிடந்தது. ரத்தம் வரவில்லை. அது போதும்.

மற்றபடி, துணைக்குழு தன் வேலையைத் தீவிரமாகச் செய்கிறது. மண் பரிசோதனை கேட்டேன். லானுக்கும் டிரைவ்வேக்கும் தனித்தனி அறிக்கை கேட்டேன். ‘களை’ என்பதன் வரையறையைப் பொதுக்குழு முதலில் நிறைவேற்ற வேண்டும் என்றேன். நிறைவேற்றிய பிறகு, காற்புள்ளி ஒன்று விட்டுப்போயிற்று என்று திருப்பி அனுப்பினேன். ஒரு காரியத்தைச் செய்யாமல் இருப்பதற்குக் கமிட்டியைப் போல ஒரு கருவி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. இத்தனை காலம் இதைப் போயா கிண்டல் செய்தேன்?

கல்யாணராமன் பூரித்துப்போனார். “இப்படித்தான் சார் பண்ணணும்! பொறுப்புன்னா இது!”

9

இன்று பிப்ரவரி பதினான்கு. பொறுப்பு எல்லை மீறிவிட்டது. வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு விசேஷக் கூட்டம். “முழு ரிப்போர்ட்டோட வாங்கோ. இல்லேன்னா அந்தக் கேனை நானே வாங்கிண்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டார். கோபமாக இல்லை. நடக்கும் ஆசையில்.

மோட்டார் அறைப் பக்கத்திலிருந்து வேதியியல் சமன்பாடு ஒன்றை ஒரு பெண் குரல் உரக்கச் சொல்லிப் பார்க்கிறது. தப்பாகச் சொல்கிறது. திரும்பச் சொல்கிறது. இன்னும் ஆறு வாரம்.

கையிலிருந்த சாக்குகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. எழுதுகிறவன் என்று பேர்தான், வேறொன்றும் தோன்றவில்லை. அதனால் இந்தக் கதையை நான் முடிக்கவில்லை, உங்களிடம் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். உங்களுக்கும் ஒரு சங்கம் இருக்கும், ஒரு செகரட்டரி இருப்பார், நீங்களும் எதையாவது தள்ளிப்போட்டிருப்பீர்கள். ஞாயிறு பத்து மணிக்குள் ஒரு சாக்கு சொல்லுங்கள். புத்திசாலித்தனமாக இருக்க வேண்டியதில்லை. பொய்யாக இல்லாமல், மார்ச் கடைசிவரை தாங்கினால் போதும்.