எந்த வகுப்பிலும் பிழைக்காத நோயாளி

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாகக் கிடைத்தது. எழுதுகிறேன் என்ற பேரில் நான் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த அறைக்கு அடுத்தது ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. அங்கே தினமும் ஒரே கூப்பாடு: "த பேஷண்ட் ஹேட் டைடு பிஃபோர் த டாக்டர் கேம்." டாக்டர் வருவதற்கு முன்பே நோயாளி இறந்துவிட்டிருந்தார்.

இறந்தகாலத்துக்கும் முந்திய காலத்தைச் சொல்லித்தர மாஸ்டருக்கு இந்த ஒரு பிணம்தான் கைமுதல். "அர்த்தம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல வாய் பழகட்டும்" என்பார். பழகியது.

2

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு

(வேண்டாம். கதை எழுதத் தெரியாதவனுக்கு முதலில் மழைதான் பெய்யும்.)

அந்த வகுப்பில் ஒரு நர்ஸ். ஆங்கிலம் பேசினால்தான் மதிப்பு என்று அவளுடைய தனியார் ஆஸ்பத்திரி ஊழியர் அத்தனை பேரையும் இங்கே ஓட்டிவிட்டிருந்தது. [இவள் நல்லவளா? எனக்குச் சந்தேகம்தான். இவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. அப்படிப்பட்டவளுக்கு மார்க் போட வயிறு நிறைந்தவனுக்குத்தான் தோன்றும்.]

ஒரு காலையில் அவளுடைய வார்டில், அவள் கண்ணெதிரே, ஒருவர் மூச்சுக்குத் திணறினார். டாக்டர் வந்தார். அப்போது நோயாளிக்கு உயிர் இருந்தது. "விட்டுட்டுப் போயிடாதீங்க டாக்டர்" என்றுகூடச் சொன்னார். டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, போன் பேச வெளியே போனார். பேச்சு சுவாரசியமாக இருந்திருக்க வேண்டும். அவர் திரும்பியபோது கட்டிலில் உயிர் இல்லை.

3

விசாரணை வைத்தார்கள். அறிக்கை ஆங்கிலத்தில் போக வேண்டுமாம். மொழிபெயர்க்க அதிகாரிக்குச் சோம்பல். நிர்வாகம் யாரையும் பொய் சொல்லச் சொல்லவில்லை. அந்தச் சிரமமே தேவைப்படவில்லை.

"இங்கிலீஷ்ல சொல்லுங்க, அது போதும்" என்றார் மேலாளர்.

வார்டு உதவியாளர் பயத்தில் வாயைத் திறந்தார். பழகிய வாக்கியம் வந்து விழுந்தது. அடுத்து வந்த லேப் பெண்ணும் அதையே சொன்னாள், அதே ராகத்தில். அதிகாரிக்குத் துளி சந்தேகம் வரவில்லை. அவரும் பள்ளியில் அதை ஒப்பித்துத்தான் அதிகாரியானவர்.

நர்ஸின் முறை. நடந்தது அவளிடம் தமிழில் இருந்தது.

"தமிழ்ல சொல்லட்டுமா சார்?"

"ஏம்மா, இவ்வளவு நாள் கிளாசுக்குப் போனது எதுக்கு?" என்றார் மேலாளர். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். தமிழில் வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று அவளுக்குப் புரிந்தது.

4

முடிவு ஒன்று: அவள் தமிழிலேயே உண்மையைப் போட்டு உடைக்கிறாள். டாக்டர் தலைகுனிய, மேலாளர் வியர்க்க,

(குப்பை. இதற்குப் பரிசுகூடக் கிடைக்கும்.)

முடிவு இரண்டு: ஒப்பித்துவிட்டு வெளியே வருகிறாள். இதுதான் நடந்தது. இதோடு நிறுத்தியிருந்தால் நானும் தப்பித்திருப்பேன்.

வெளியே பெஞ்சில் இறந்தவரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள இங்கிலீஷ்ல என்னமோ சொன்னீங்களே சிஸ்டர், எனக்குப் புரியல. அவரு போறப்ப பக்கத்துல யாராவது இருந்தாங்களா? கடைசியா ஏதாச்சும் சொன்னாரா?"

இதற்கு மாஸ்டர் எதையும் மனப்பாடம் செய்யவைக்கவில்லை. எனக்கும் எழுத வரவில்லை, வெட்கமாக இருக்கிறது. அந்த அம்மாள் இன்னும் கையை விடவில்லை. நீங்களே சொல்லுங்கள், தமிழில்.