ஊர் சொன்ன குற்றம்

அமெரிக்காவில், மொன்டானா மாநிலத்தின் அந்தச் சின்ன ஊர் முழுக்க ஆரினைத் தேசத்துரோகி என்றது. மளிகைக் கடையில் அவன் அக்கா வெர்னாவைக் கண்டால் பேச்சையே நிறுத்தினார்கள். அவளுக்கு வயிறு எரிந்தது. தேசத்துரோகம் என்றால் சும்மாவா? நாட்டின் மேல் போர் தொடுத்திருக்க வேண்டும், அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இரண்டு பேர் வேண்டும். அரசியல் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. தம்பியோ வீட்டு வாசலைக்கூடத் தாண்டவில்லை.

"அம்மா, கேஸ் தேசத்துரோகம் இல்ல. நிலத்துறை ஆபீசைப் பிடிக்க ஆளுங்களோட சேர்ந்து, அரசை எதிர்த்துச் சதி பண்ணினதா கேஸ். அது வேற," என்றார் அவன் வக்கீல் புரூயிட். "கோர்ட்டுல கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அவன் நல்லவன்னு சொல்லிட்டு இறங்கிடுங்க."

"மரண தண்டனை இல்லல்ல? அது போதும்," என்றாள் வெர்னா. மற்றது எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

சாட்சிக் கூண்டில் அரசு வக்கீல் மரியாதையாகவே கேட்டார். "நிலத்துறை ஆபீசைப் பிடிக்க உங்க தம்பி கிளம்பலைன்னு எப்படி உறுதியாச் சொல்றீங்க?"

ஊருக்கே பதில் சொல்லக் கிடைத்த இடம். விடுவாளா?

"நான்தான் கூடவே இருந்தேனே. முந்தின ராத்திரி எங்க கராஜ்ல அவனும் அவன் கூட்டாளிங்களும் பேசுறப்போ மான்கறிக் குழம்பு பரிமாறினதே நான்தான். விடிஞ்சதும் துப்பாக்கியோட போய் ஆபீசைப் பிடிக்கணும், தடுத்தா சுடணும்னு எல்லாரும் கை தூக்கினாங்க. ஆரினும் தூக்கினான். ஆனா காலையில மலைப்பாதை பனியில அடைச்சிருச்சு. ஒருத்தரும் போகல. ஒண்ணுமே நடக்கல ஐயா."

"வேற கேள்வி இல்லை," என்று அரசு வக்கீல் உட்கார்ந்தார்.

ஜெயித்துவிட்ட தெம்போடு வெர்னா தம்பியைப் பார்த்தாள். அவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும் புரூயிட் சுவரில் சாய்ந்துகொண்டார். "செயல் வேணும்ங்கிறதெல்லாம் தேசத்துரோகத்துக்குத்தாம்மா. சதிக்கு, ஆயுதத்தோட எதிர்க்கலாம்னு சேர்ந்து ஒத்துக்கிட்டாலே முடிஞ்சுது. அவங்க கை தூக்கினதைச் சொல்ல அரசுகிட்ட இதுவரைக்கும் ஆளே இல்ல."

"எத்தனை வருஷம்?"

"இருபது வரைக்கும் போடலாம்."

அவள் அவருடைய கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு சாட்சி வேணுமே. நான் ஒருத்திதானே சொன்னேன்?"

"இதுக்கு ஒருத்தர் போதும்மா."