வெள்ளிக்கிழமைப் பாட்டு

அன்று கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: நீள மேசையின் நடுவில், கொடிக்கு முன்னால், மாவட்டக் குழுத் தலைவர் வெர்லன் டில்லர்ட். அவருக்கு வலப்பக்கம் பாப்டிஸ்ட் சபைப் போதகரின் மனைவி லூர்லீன் புரூயிட். இடப்பக்கம் புகையிலை விவசாயி டுவைட் ஹென்ஸ்லி. அவர் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துப் போட்டிருந்தார். ஜன்னல் வழியே கீழே நின்ற தன் பிக்கப் வண்டி தெரிய வேண்டும், அதில் அவருடைய வேட்டை நாய் ஜூனி இருந்தது. மேசையின் கோடியில் தட்டச்சு இயந்திரத்தோடு நான், குழுவின் எழுத்தர் இமோஜீன். எதிரே முதல் வரிசையில் பக்கத்து ஊர்க் கால்நடை மருத்துவர் ரோவீனா காஸ், மடியில் ஒரு காகிதக் கட்டுடன். கடைசி வரிசையில், கதவை ஒட்டிய நாற்காலியில், தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு கோய் டீக். மற்ற நாற்காலிகள் காலி. நாய் விஷயத்துக்காக எங்கள் அஷ்லாக் மாவட்டத்தில் யாரும் வேலை கெட்டு வந்து உட்கார மாட்டார்கள்.

கோய் எங்கே போனாலும் கதவை ஒட்டித்தான் உட்காருவார். தேவாலயத்திலும் அப்படித்தான். பிரசங்கம் முழுக்க அசையாமல் கேட்பார். பாட்டு ஆரம்பித்ததும் எழுந்து வெளியே போய்விடுவார். சிகரெட் பிடிக்கப் போகிறார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். லூர்லீன் ஒருமுறை அவருக்குப் புதினா மிட்டாய் டப்பா ஒன்றைக் கொடுத்து, அந்தப் பழக்கத்தை விட ஆண்டவர் உதவுவார் என்றார். கோய் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். அவர் சிகரெட் பிடித்து நான் பார்த்ததில்லை.

மாவட்டத்தின் நாய்க் காப்பகம் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கோய்தான் அதன் பொறுப்பாளர், காவலாளி, கூட்டுகிறவர் எல்லாம். யாரும் கேட்டு வராத நாய்களைத் தீர்த்துக்கட்ட அங்கே ஒரு பெட்டி உண்டு. மூடிப்போன பால்பண்ணை ஒன்றின் பால் தொட்டியை வெர்லனின் அப்பா தன் பட்டறையில் வெட்டி, மூடி வைத்துப் பற்றவைத்து, மாவட்டத்துக்கு இலவசமாகக் கொடுத்தது. ஒரு பழைய லாரியின் இன்ஜினிலிருந்து அதற்குள் புகைக்குழாய் போகிறது. நாய்களை உள்ளே விட்டு மூடியை இறுக்கி இன்ஜினை ஓட விட வேண்டும். வெள்ளிக்கிழமை காலைகளில் அந்த வேலை நடக்கும். மான் வேட்டைப் பருவம் முடிந்ததும், சரியாக ஓடாத நாய்களையெல்லாம் வேட்டைக்காரர்கள் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போவார்கள். அந்த மாதங்களில் காலையில் தொடங்கி மத்தியானம் வரை இன்ஜின் ஓடும்.

ஆனால் ஊருக்குக் கேட்பது இன்ஜின் இல்லை, பாட்டு. வெள்ளிக்கிழமை என்றால் குப்பைமேட்டுப் பக்கமிருந்து வானொலியில் பக்திப் பாட்டு அவ்வளவு சத்தமாக வரும். அதே நேரத்தில் தேவாலயத்தின் கீழறையில் பெண்கள் கூடி ஒட்டுத்துணிப் போர்வை தைப்போம். காற்று இந்தப் பக்கம் அடித்தால் பாட்டு எங்கள் ஊசி வரைக்கும் வந்துவிடும். நாங்களும் கூடவே முணுமுணுப்போம். "அந்த மனுஷன் மனசுல தேவன் இருக்கார்" என்பார் லூர்லீன். சென்ற கிறிஸ்துமஸுக்குச் சபைப் பெண்கள் சார்பில் கோய்க்குப் பெரிய வானொலி ஒன்றை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். பழையது கரகரவென்று கேட்கிறதாம்.

கூட்டத்தின் தொடக்க ஜெபம் முடிந்ததும் ரோவீனா எழுந்து தன் கோரிக்கையைச் சொன்னார். பெட்டியை மூடிவிட வேண்டும். அதற்குப் பதிலாக ஊசி. மருந்து ஏற ஏற நாய் தூங்கிவிடும், அந்தத் தூக்கத்திலேயே போய்விடும். மருந்து வைத்துக்கொள்ளத் தலைநகர் ராலியிலிருந்து மாநில அனுமதி வேண்டும். அனுமதி வேண்டுமென்றால் பயிற்சிக்கு ஒருவர் பெயரைக் குறிப்பிட்டு மாவட்டம் கடிதம் எழுத வேண்டும். பயிற்சியைத் தானே தருவதாகவும், அனுமதி வரும்வரை வெள்ளிக்கிழமைகளில் தானே வந்து ஊசி போடுவதாகவும் சொன்னார்.

"டாக்டரம்மா, இந்த ஊர்ல மனுஷனுக்கே டாக்டர் கிடையாது" என்றார் வெர்லன். "எங்க மாமியாருக்குப் பல்வலின்னா மலையேறி எறங்கணும். நீங்க நாய்க்கு ஊசிங்கிறீங்க."

"உங்க மாமியார யாரும் பெட்டில போடலையே, வெர்லன்."

"அவங்களக் கேட்டுப் பாக்கணும்" என்றார் டுவைட், ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல். லூர்லீன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். வெர்லனும் சிரித்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. அவருடைய அப்பா பற்றவைத்த பொருள் ஊரில் மிச்சமிருப்பது அந்தப் பெட்டி ஒன்றுதான்.

"சரி, வேலை செய்யறவனையே கேப்போம்" என்றார் வெர்லன். "கோய், பெட்டி வேலை செய்யுதா?"

கோய் எழுந்தார். "செய்யுது."

"ஊசின்னா என்ன செய்யணும்னு டாக்டரம்மா சொன்னாங்களா?"

"சொன்னாங்க. கைல புடிச்சுக்கணும். முன்னங்கால நீட்டிப் புடிக்கணும். அது போறவரைக்கும் விடக்கூடாது."

"ஒவ்வொண்ணையும்?"

"ஒவ்வொண்ணையும்."

"உனக்கு அது வேணுமா?"

"வேணாம்" என்றார் கோய்.

வெர்லன் கைகளை விரித்து ரோவீனாவைப் பார்த்தார். நான் அதைத் தட்டச்சு செய்தேன்: திரு. டீக் ஊசி முறையை விரும்பவில்லை. ரோவீனா காகிதக் கட்டை மடியில் தட்டிச் சமமாக்கினார். அவர் கிளம்பத் தயாராகிவிட்டார் என்று தெரிந்தது. விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் லூர்லீனுக்கு யாரையும் மனம் நோக அனுப்பி வைக்க முடியாது.

"டாக்டர், நீங்க வருத்தப்படாதீங்க" என்றார் அவர். "எங்க கோய் மாதிரி ஒரு ஆள் வேற எந்தக் காப்பகத்துலயும் இருக்கமாட்டார். அந்த ஜீவனுங்கள வெறுமனே அனுப்பறதில்ல அவர். பாட்டு வெச்சுத்தான் அனுப்பறார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும். தேவனோட பாட்டக் கேட்டுக்கிட்டே அதுங்க தூங்கிப் போகுது. நாங்க கீழ உக்காந்து கேப்போம், எனக்குக் கண்ணு கலங்கிரும். அந்த ரேடியோ நாங்க வாங்கிக் குடுத்தது."

கோய் இன்னும் உட்காரவில்லை. தொப்பியின் விளிம்பை விரலால் சுற்றிக்கொண்டிருந்தார். கதவு அவருக்கு ஓர் எட்டுத் தொலைவில் இருந்தது. பாட்டு ஆரம்பித்ததும் போவாரே, அதுபோலப் போய்விடுவார் என்றே நினைத்தேன்.

"லூர்லீன் அம்மா" என்றார். "அந்தப் பாட்டு அதுங்களுக்கில்ல."

"என்ன கோய்?"

"எனக்கு. சத்தம் கேக்காம இருக்க."

"இன்ஜின் சத்தமா?" என்றார் லூர்லீன்.

"இன்ஜின் சத்தம் எனக்குப் புடிக்கும், அம்மா. அது போதுமானதா இல்ல. அதான் ரேடியோ." தொப்பியை மறு கைக்கு மாற்றினார். "பெரிய நாய்ங்க சீக்கிரம் அடங்கிரும். குட்டிங்கதான். குட்டிங்களுக்கு ரொம்ப நேரமாவும். சில சமயம் மூடியத் தொறந்தா ஒண்ணு என்னப் பாத்துக்கிட்டு நிக்கும். மறுபடி மூடணும். பழைய ரேடியோவுக்கு மேலயும் அதுங்க சத்தம் கேக்கும். நீங்க குடுத்தது நல்ல ரேடியோ. அதுக்கு மேல கேக்கல."

லூர்லீனின் கை மேசைமேல் இருந்தது. அது அங்கேயே இருந்தது. அவருக்குள் என்ன ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எனக்குள்ளும் அதுவே ஓடியது: ஊசியும் நூலுமாக உட்கார்ந்து, அந்தச் சத்தத்துக்கு மேலே போர்த்தியிருந்த பாட்டை, கூடவே நாங்களும் பாடிய வெள்ளிக்கிழமைகள்.

"இப்பத்தான ஊசி வேணாம்னே" என்றார் வெர்லன். குரலில் அதட்டல் இல்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

"வேணாம்னேன். மூடிய இறுக்கிட்டா நான் திரும்பி நின்னுக்கலாம், வெர்லன். ஊசின்னா திரும்ப முடியாது. பெட்டிதான் சுலபம்னு இத்தன வருஷமா உங்கப்பாகிட்டயும் சொன்னேன், உன்கிட்டயும் சொன்னேன். எனக்குச் சுலபம். அதத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

டுவைட் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்தார். அதன் கால் தரையில் கிறீச்சிட்டது. "ஜனவரில நான் ரெண்டு கொண்டாந்து விட்டேன்" என்றார். "ஒண்ணு வாய் வெளுத்த கிழடு. இன்னொண்ணு அதோட குட்டி, துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயப்படும்."

"ஞாபகம் இருக்கு."

"குட்டிக்கும் நேரமாச்சா?"

கோய் தலையசைத்தார்.

கீழே ஜூனி ஒருமுறை குரைத்தது, யாரோ வண்டியைக் கடந்து போயிருப்பார்கள். லூர்லீன் பெட்டியை இன்றோடு மூட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். வழிமொழிய யாருண்டு என்று வெர்லன் கேட்பதற்கு முன்பே டுவைட் கையைத் தூக்கிவிட்டார். வெர்லன் எதிர்த்து வாக்களித்தார். அதை மறைக்கவும் இல்லை. "எங்கப்பா மனசாரக் குடுத்தது, அதுக்கு எதிரா என் கை எழும்பாது" என்றார். "ஆனா நான் தோத்துட்டேன். எழுதிக்க, இமோஜீன். இதையும் சேத்து எழுதிக்க. டாக்டரம்மாவால ஆயுசு முழுக்க ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மலையேறி வரமுடியாது. அடுத்த மான் பருவத்துக்குள்ள நம்ம ஆள் ஒருத்தன் கத்துக்கிட்டு அனுமதி வரலன்னா, பெட்டியத் தொறக்கறதத் தவிர வழியில்ல." ரோவீனா ஒப்புக்கொண்டார். அது உண்மைதான்.

கடிதத்துக்கு மிச்சமிருந்தது ஒரு பெயர். எல்லோரும் கோயைப் பார்த்தோம். இந்த மாவட்டத்தில் அந்த வேலைக்கு வேறு யாரும் வரப்போவதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

"பொறு, இமோஜீன்" என்றார். "இப்பவே என் பேர அடிச்சிராத." தொப்பியை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போய்விட்டார். டுவைட்டும் ரோவீனாவும் பின்னாலேயே இறங்கிப் போனார்கள்.

நான் கடிதத்தைத் தொடங்கினேன். தலைநகரில் இருக்கும் கால்நடைத் துறைக்கு எழுதும் கடிதம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி. மேலே இடப்பக்கம் எங்கள் முகவரி, அதன்கீழ் தேதி, பொருள். முதல் பத்தியில் குழு என்ன முடிவெடுத்தது என்பது. இரண்டாம் பத்தியில் என்ன கேட்கிறோம் என்பது. எங்கள் பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்: கேட்பதை ஒரே வாக்கியத்தில் கேள், காரணத்தை அடுத்த வாக்கியத்தில் சொல். காரணம் என்று என்ன எழுதுவது என்று யோசித்தேன். "இப்போதைய முறை வலி தருவது என்று எங்கள் பணியாளர் நேரில் சொன்னார்" என்று அடித்தேன். வெர்லன் என் தோளுக்கு மேலாகப் படித்தார். மாற்றச் சொல்வார் என்று காத்திருந்தேன். "சரிதான்" என்று சொல்லிப் பேனாவைக் கேட்டார். பெயருக்கு விட்ட இடம் காலியாக இருக்கும்போதே கீழே தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார்.

லூர்லீன் போகவில்லை. கைப்பையை மடியில் வைத்து அதே நாற்காலியில் இருந்தார். "அவருக்கு நான் மிட்டாய் குடுத்தேன்" என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

தபால்காரர் ராய்ஸ் வந்து கதவில் சாய்ந்து நின்றார். அவருடைய பை பாதிதான் நிறைந்திருந்தது. "ஏதாவது இருக்கா, இமோஜீன்?"

"ஒரு கடுதாசி. ஒரு நிமிஷம் நில்லுங்க."

"ஒரு நிமிஷம்னு பொம்பளைங்க சொன்னா நான் உக்காந்துருவேன்" என்று சொல்லி முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

நான் ஜன்னலுக்குப் போனேன். கீழே டுவைட் தன் வண்டியின் பின்கதவை இறக்கி விட்டிருந்தார். அதன் விளிம்பில் ஜூனி நின்றது, புள்ளிபோட்ட வெள்ளை உடம்பும் தொங்கும் காதுகளுமாக. ரோவீனா கோட்டைக் கழற்றி வண்டிமேல் போட்டுவிட்டு, நாயின் கழுத்தைத் தன் தோளில் சாய்த்து, ஒரு கையை அதன் உடம்பைச் சுற்றிக் கொண்டுபோய், மறு கையால் முன்னங்காலை நீட்டிப் பிடித்துக் காட்டினார். கையில் ஊசி இல்லை. கட்டைவிரலை எங்கே அழுத்த வேண்டும் என்பதை மட்டும் காட்டினார். பிறகு விலகி நின்றார்.

கோய் சிறிது நேரம் நாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் உடம்பில் எந்த வாசனை ஒட்டியிருந்ததோ, ஜூனி ஓர் அடி பின்னால் போனது. டுவைட் ஏதோ சொன்னார். கோய் தொப்பியைக் கழற்றி டுவைட்டிடம் கொடுத்தார். கிட்டே போய், பொறுமையாக, கையை நாயின் மார்புக்குக் கீழே கொண்டுபோனார். அதன் தலை அவர் தோளுக்கு வந்தது. முன்னங்காலை நீட்டிப் பிடித்தார். ரோவீனா அவருடைய கட்டைவிரலை ஓர் அங்குலம் நகர்த்தினார், அவ்வளவுதான். போதும் என்று ரோவீனா சொன்னதை அவருடைய கையசைவில் பார்த்தேன். கோய் விடவில்லை. தன்னைக் கொஞ்சுகிறார்கள் என்று நினைத்ததோ என்னவோ, ஜூனி அவருடைய காதை நக்கியது. வாலால் வண்டியின் தகரத்தை அடித்தது. அந்தச் சத்தம் மேலே எங்கள் அறைவரை கேட்டது.

ஜன்னல் கண்ணாடியை மேலே தூக்கினேன். "கோய்! ராய்ஸ் காத்துக்கிட்டிருக்கார்!"

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. முகம் நாயின் கழுத்தோடு இருந்தது.

"பேரப் போடு" என்றார்.

இயந்திரத்துக்குத் திரும்பி வந்து காலியாக இருந்த இடத்தில் அவர் பெயரை அடித்தேன். தாளை உருவி, மூன்றாக மடித்து, உறைக்குள் வைத்து, பசையை நாக்கால் நனைத்து ஒட்டினேன். தபால்தலையை ஒட்டி அதன்மேல் கட்டைவிரலை வைத்து, தேவைக்குச் சற்று அதிகமாகவே அழுத்தினேன். ராய்ஸ் உறையைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "என்னங்க அது, கீழ யாரு தகரம் தட்டுறது?" என்று கேட்டபடி படியிறங்கினார். லூர்லீன் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றார். நாயின் வால் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.