கனிவாக அனுப்பிவைப்பது எப்படி

...இல்லை, இருக்காது, பெட்டியில் சாக்பீஸால் முகம் வரைகிறவன் உலகத்தில் அவன் ஒருத்தன்தானா என்ன, எத்தனை கிடங்கு, எத்தனை லாரி, வேலை முடிந்த குஷியில் எவனோ ஒருவன் கடைசிப் பெட்டியில் இரண்டு கண்ணும் ஒரு சிரிப்பும் போட்டுவிட்டுப் போயிருப்பான், அதற்குப் போய் இவள் ஏன் இப்படிப் பதற வேண்டும்... எதிர் நாற்காலியில் மேலாளர் பேசிக்கொண்டே இருந்தார், "ஒவ்வொரு லோடுலயும் மேடம், கடைசிப் பெட்டில ஒரு சிரிச்ச மூஞ்சி, கஸ்டமர் ஒருத்தர் போட்டோ எடுத்தே அனுப்பினார், நல்ல மனுஷன்தான், அதான் கஷ்டமா இருக்கு" என்றார், இவள் தலையை மெல்ல ஆட்டினாள், மேலாளர்களைப் பழக்குகிற பயிற்சியாளர்கள் ஆட்டுகிற அந்த ஆட்டல், ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொல்கிற ஆட்டல், வருஷக்கணக்காக ஆட்டி ஆட்டிக் கழுத்துக்கே அது பாடமாகிவிட்டது, கழுத்து பாட்டுக்கு ஆடியது, உள்ளே ஒருத்தி எழுந்து நின்று கத்தினாள், எல்லாரையும் தலைவரேன்னு கூப்பிடுவாரான்னு கேளு, கேளுடி... கேட்க வேண்டியே இருக்கவில்லை. "வாட்ச்மேன்ல இருந்து என் வரைக்கும் எல்லாரும் அவருக்குத் தலைவரேதான்" என்று மேலாளர் தானாகவே சொல்லிச் சிரித்தார். தம்பிதான். அவளுடைய தம்பியேதான்.

பெயர் சொல்லக் கூடாது என்பது அவள் வைத்த சட்டம். இந்த அறைக்குள் வருகிறவர்கள் வெளியே இருக்கிறவர்களைப் பற்றிப் பேசினால் அவர், இவர், அந்த அம்மா என்றுதான் சொல்ல வேண்டும், இங்கே இல்லாதவருக்கும் ஒரு மரியாதை உண்டு பாருங்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுவாள், சொல்லும்போது அவளுக்கே தன்மேல் கொஞ்சம் பெருமையாக இருக்கும். நல்ல பெருமை! அந்தப் பெருமையால்தான் போன வாரம் இந்த மனிதர் "அவர், அவர்" என்று சொல்லச் சொல்ல, யாரோ ஒரு அவர் என்று நிம்மதியாகத் தலையாட்டினாள். ஒரே உயரத்தில் இரண்டு நாற்காலி, நடுவில் மேஜை கிடையாது, கை எட்டும் இடத்தில் டிஷ்யூ, கடிகாரம் இவள் கண்ணுக்கு மட்டும் தெரிகிற சுவரில்... எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்த அறை, அழுகிறவர் அழலாம், கோபப்படுகிறவர் கோபப்படலாம், பயிற்சியாளருக்கு மட்டும் எதுவும் வரக் கூடாது. இவர் முதலில் வந்தபோது எப்படி இருந்தார், தொழிற்சாலையில் தனக்குச் சுத்தியல் என்று பெயர் என்று அவரே சொன்னார், மேஜையைத் தட்டாமல் ஒரு வாக்கியம் முடியாது, இங்கே தட்ட மேஜை இல்லாததால் தொடையைத் தட்டிக்கொண்டார், பாவம். அந்த மனிதரா இன்று கண் கலங்கி உட்கார்ந்திருக்கிறார்? கனிவான தலைமை, கனிவான தலைமை என்று மாசக்கணக்கில் ஓதியதன் பலன், இவளுடைய வெற்றி, ஊரில் யாரைக் கேட்டாலும் இவள் கைராசி என்பார்கள். தன் கைராசி தன் வீட்டுக் கதவையே வந்து தட்டுமென்று அவள் எங்கே கண்டாள்.

ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கலாம். இவருக்குப் பயிற்சி தரச் சொன்ன கம்பெனியின் பெண் போனில் கேட்டாளே, உங்களுக்குச் சொந்தக்காரங்க யாராவது எங்ககிட்ட வேலை பார்க்கறாங்களா மேடம் என்று, அப்படி யாரும் இல்லையே என்று இவள் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்... தம்பி இருப்பது சரக்கு அனுப்புகிற பிரிவில், ஊரின் அந்தக் கோடியில், இவர் இருந்தது உற்பத்தியில், ஆயிரம் பேர் வேலை பார்க்கிற இடம், யார் யாரைச் சந்திக்கப் போகிறார்கள்? சொல்லியிருந்தால் வேலை வேறு ஆளுக்குப் போயிருக்கும், அதுதான் நிஜம், மற்றதெல்லாம் அதன்மேல் போர்த்திய துணி. போன மாசம் சரக்குப் பிரிவையும் இவர் தலையில் கட்டினார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான், இப்போது குடையுதே குடையுதே என்றால்?

அதுகூடப் பரவாயில்லை, போன வாரம்... போன வாரத்தை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள், அது வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டது. இரண்டு கிடங்கை ஒன்றாக்குகிறார்கள், இரண்டு மேற்பார்வையாளர்களில் ஒருவர் போதும், யாரை அனுப்புவது என்று தெரியாமல் தூக்கமில்லாத முகத்தோடு வந்தார், இரண்டு பேரும் வேலையில் சமம், ஒருவருக்கு வீட்டில் மனைவி படுத்த படுக்கை, இன்னொருவர் கலகலப்பானவர் என்றார். பதில் சொல்லக் கூடாது, கேள்வி மட்டும் கேட்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் தர்மம். இவள் கேட்டாள். "ரெண்டு பேர்ல யார் இதைத் தாங்குவாங்கன்னு உங்களுக்குத் தோணுது?" என்ன அழகான கேள்வி, எவ்வளவு கனிவு, அவர் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தார், "சிரிக்கிற ஆள் தாங்குவார் மேடம், எதுவா இருந்தாலும் சிரிச்சே சமாளிச்சுடுவார்" என்றார், இவள் தலையாட்டினாள், அந்த ஆட்டல்தான், அன்றே முடிந்துவிட்டது. தம்பியை அனுப்பியது யார்? சுத்தியலா? கம்பெனியா? கையைக் காட்டியவள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறாள், காலின்மேல் கால் போட்டுக்கொண்டு.

அவன் தாங்குவானா? போன தடவை வேலை போனபோதும் சிரித்துக்கொண்டேதான் வந்தான், நல்லதாப் போச்சுக்கா, ரொம்ப நாளா ஓய்வே இல்ல என்றான், இவளும் நம்பினாள், அப்புறம் தன் அறைக்குள் போனவன்தான், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, சவரம் கிடையாது, பேச்சு கிடையாது, அவன் மனைவி வீட்டிலிருந்த மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு இவளிடம் கொண்டுவந்து கொடுத்தாளே, அண்ணி, இது உங்ககிட்டயே இருக்கட்டும் என்று, ஏன் என்று இவள் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை. ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் போயிற்று அவன் வெளியே வர. இந்த வேலைக்குப் போன பிறகுதான் மறுபடி சாக்பீஸ், மறுபடி தலைவரே. சிரிக்கிறவன் தாங்குவானாம்... தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்.

"சார்" என்றாள், குரல் எங்கிருந்தோ வந்தது, "சிரிக்கிறவங்க தாங்கிடுவாங்கன்னு நாம எப்படி முடிவு பண்றோம்?" கேட்டுவிட்டாள். இது விதிக்கு உட்பட்டதா, வெளியேயா? கேள்விதானே, கேள்விக்கு என்ன குற்றம்... ஆனால் கேள்வி தம்பிக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டு போகிறது என்று அவளுக்குத் தெரியும், தம்பி தப்பினால் அந்த இன்னொருவர் போவார், அவர் மனைவி படுக்கையில், அவருக்கும் ஒரு அக்கா எங்கேயாவது இருக்க மாட்டாளா? இருதலைக் கொள்ளி எறும்புக்காவது இரண்டு பக்கமும் நெருப்பு, இவளுக்கு ஒரு பக்கம் தம்பி. மேலாளர் கண்ணை மூடி யோசித்தார். அவள் கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்தாள். யோசி, யோசி ஐயா, நல்லா யோசி... அவர் கண்ணைத் திறந்தார், முகம் தெளிந்திருந்தது, "சூப்பர் கேள்வி மேடம், உள்ளுக்குள்ள அவருக்கும் வலிக்கும்ல, அதனாலதான் சொல்ற விதத்துல ரொம்பக் கவனமா இருக்கணும், இன்னிக்கு மத்தியானம் கூப்பிட்டிருக்கேன், ஒரு தடவை ஒத்திகை பார்த்துடலாமா? நீங்க அவரா இருங்க" என்றார்.

ஒத்திகை பார்ப்பதும் அவள் சொல்லிக்கொடுத்ததுதான். கஷ்டமான பேச்சு எதுவானாலும் முதலில் இங்கே பேசிப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். மறுப்பதென்றால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொன்னால் எல்லாம் சொல்ல வேண்டும்... "பார்க்கலாம் சார்" என்றாள். அவர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார், முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டார், மூச்சை நிதானமாக இழுத்துவிட்டார், ஒவ்வொன்றும் இவள் செய்த திருத்தம், "உங்ககிட்ட ஒரு கஷ்டமான விஷயம் பேசணும், சுத்தி வளைக்கப் போறதில்ல" என்று ஆரம்பித்தார், குரலில் தேன், வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்பார்களே, ஊசியும் அவளுடையது, பழமும் அவளுடையது. "உங்க இடம் இனிமே இருக்காது. இது உங்க திறமையைப் பத்தின தீர்ப்பு இல்ல" என்றார், சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தார். கெட்ட செய்தி சொன்னபின் நீங்கள் பேசாதீர்கள், அந்த மௌனம் அவருக்குச் சொந்தம் என்று யார் சொன்னது? இவள்தான். இப்போது அந்த மௌனம் இவள் மடியில்.

சிரித்தாள். தம்பி சிரித்திருப்பான், அதனால் சிரித்தாள். "சரி தலைவரே" என்றாள், "பரவாயில்ல தலைவரே, எனக்கும் கொஞ்சம் ஓய்வு வேணும்னுதான் இருந்தேன்..." சொல்லச் சொல்ல அவன் வாய் அவள் வாய்க்குள் வந்துவிட்டது, அவன் தோள் தொங்குகிற மாதிரி இவள் தோள் தொங்கியது, அதோடு நிறுத்தியிருக்க வேண்டும், நிற்கவில்லை, "ஒரே ஒரு உதவி சார். எங்க அக்காவுக்கு மட்டும் தெரிய வேண்டாம். தெரிஞ்சா தினமும் வந்து உக்காந்துடுவாங்க. உனக்குள்ள என்ன நடக்குது, உனக்குள்ள என்ன நடக்குதுன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. வேலை போனதைக்கூடத் தாங்கிடலாம் சார்." என்ன இது, யார் பேசியது? மேலாளர் முகத்தைச் சுருக்கி, "அவருக்கு அக்கா இருக்காங்களா மேடம்? அவர் சொன்னதே இல்லையே" என்றார். "ஒரு பேச்சுக்குச் சார், ஒரு உதாரணத்துக்கு" என்றாள், அவர் பார்த்தபடியே இருந்தார், தெரிந்துவிட்டதோ, தெரிந்தால்தான் என்ன, தெரிந்துவிட்டால் நல்லது, யாராவது கேட்டுவிட்டால் நல்லது... அவர் தலையாட்டினார். "கரெக்ட், வீட்ல யாருக்குப் பயப்படுறாருன்னு கேட்டு வச்சுக்கணும், யோசிக்கவே இல்ல பாருங்க" என்றார். அந்தத் தலையாட்டலை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று இருந்தது அவளுக்கு, எங்கே என்று தெரிந்ததும் வேறு பக்கம் பார்த்தாள்.

அவர் போனார், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, நீங்க இல்லைன்னா நான் இதை மிருகம் மாதிரி செஞ்சிருப்பேன் மேடம் என்று சொல்லிவிட்டு. கதவு மெத்தென்று மூடிக்கொண்டது. கைப்பையைத் துழாவி போனை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். இங்கே கேட்டது இங்கேயே இருக்கும் என்று வருகிற ஒவ்வொருவர் கண்ணையும் பார்த்துச் சொல்கிறவள், இன்றைக்கு மீறினால் நாளை எந்த முகத்தோடு அந்த நாற்காலியில் உட்காருவாள்? மீறாவிட்டால் எந்த முகத்தோடு தம்பி வீட்டுப் படியேறுவாள்? பேசாமல் இருப்பது தொழில் தர்மமா, பயமா, அவன் சொன்னதை... அவன் எங்கே சொன்னான், இவளாகச் சொன்னதை நம்பிக்கொண்டு... ஆனால் அது எங்கிருந்து வந்தது, இத்தனை நாள் எங்கே உட்கார்ந்திருந்தது? அன்று அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்டவள் இவள்தானே, ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்லக்கா என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்ததை மனம் திறக்க மறுக்கிற எதிர்ப்பு என்று தொழில் பாஷையில் பெயர் வைத்துப் புரிந்துகொண்டவள்... விரல் பாட்டுக்கு அவன் எண்ணை அழுத்திவிட்டது.

"அக்கா! உனக்கு ஆயுசு நூறு, இப்பத்தான் உன்னை நினைச்சேன்" என்றான், முதல் மணியிலேயே. பின்னால் லாரி பின்வாங்குகிற பீப், பீப். "ஒரு நல்ல சேதி, இன்னும் வீட்டுலகூடச் சொல்லல, உன்கிட்டத்தான் மொதல்ல. எங்க புது மேனேஜர் இருக்காரே, சுத்தியல் சுத்தியல்னு பயமுறுத்தினாங்க, மனுஷன் பஞ்சுக்கா! காலையில தோள்ல கை போட்டு, மத்தியானம் கொஞ்சம் உக்காந்து பேசலாமாங்கறார், சாப்பிட்டியா, வீட்ல எப்படி இருக்காங்கன்னு கேக்கறார். ரெண்டு கிடங்கையும் ஒண்ணாக்கறாங்கள்ல, பொறுப்பு எனக்குத்தான்னு நினைக்கிறேன். கழட்டி விடறவன் இவ்வளவு அன்பாவா கூப்பிடுவான், சொல்லு? எவனோ ஒரு புண்ணியவான் அந்த ஆளுக்கு நல்ல புத்தி சொல்லியிருக்கான்..." அவன் குரல் எவ்வளவு உயரத்தில் இருந்தது, இந்த உயரத்தில் அவன் குரலைக் கேட்டு எத்தனை வருஷம், அந்த உயரத்தில் அவனை ஏற்றி உட்காரவைத்தது எது? கெட்டதைக்கூட நல்லது மாதிரி சொல்ல அந்த மனிதருக்குக் கற்றுக்கொடுத்த கை எது?

"என்னக்கா, பேச்சையே காணோம்?" என்றான். இவள் வாயைத் திறந்தாள். அதைக் கேட்டதும் உனக்கு எப்படி இருந்தது என்று நாக்கு தானாகவே எழுந்தது, பல்லைக் கடித்து நிறுத்தினாள், ஒருவேளை வேறு மாதிரி ஆனால் நீ என்ன செய்வாய் என்று அடுத்தது வந்தது, அதையும் நிறுத்தினாள், ஒவ்வொன்றும் கேள்வியாகவே வந்தது, தோண்டத் தோண்டக் கேள்விதான். டேய், உன்னை அனுப்பப் போறாங்க. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அக்கா இருக்கேன், ஒண்ணும் கேக்க மாட்டேன், சும்மா பக்கத்துல இருக்கேன். இவ்வளவுதான். பிறந்ததிலிருந்து தூக்கி வளர்த்த பிள்ளையிடம், கடைசியாக எப்போது எதையாவது சொன்னோம்? கேட்காமல், சொன்னோம்? யாரோ அவனைத் தலைவரே தலைவரே என்று அவன் குரலிலேயே கேலி செய்து கூப்பிட்டார்கள், இதோ வரேன் என்று அவன் போனிலிருந்து முகத்தைத் திருப்பிச் சொன்னான், திரும்பவும் வந்தான்.

"அக்கா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்டா" என்றாள். அடுத்த வாக்கியத்தைத் தேடினாள்.