பாதி பிரேசில்

பாலத்தைத் தூக்கியிருந்தார்கள். பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை ஏழு பத்து. ஸர்ஸூனாவிலிருந்து கால்வாயைத் தாண்டி துனீசியாவின் பின்ஸர்த் நகருக்குள் போக வேண்டிய வண்டிகள் வழக்கம்போல ஒன்றின் பின்னால் ஒன்றாக நின்றன. ஷாத்லி என்ஜினை அணைத்துவிட்டு இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினான். மடியில் சூரியகாந்தி விதைப் பொட்டலம்.

"ஆரஞ்சை உரிக்கிறியா, அதையும் நான்தான் செய்யணுமா?"

"உனக்கு ரெண்டு கை இருக்கே" என்றாள் அவன் மனைவி நஸீஹா.

"என் கை வேலையா இருக்கு. பார்த்தா தெரியலையா?"

அவள் உரித்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்தாள். தன் பாதியில் ஒரு சுளை குறைவதாக அவன் சண்டை போட்டான். விதைத் தோலையெல்லாம் அள்ளி அவளுடைய கோட்டுப் பையில் போட்டான். அவள் கையில் அடித்தாள். கப்பல் போய், பாலம் இறங்கி, வண்டிகள் நகர்ந்தன. அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வாசலில் அவளை இறக்கிவிட்டான்.

"சாயங்காலம் மீன் நீ வாங்காதே. நீ கடைக்காரன் கண்ணைப் பார்த்து வாங்குற, மீன் கண்ணைப் பார்க்கிறதே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பத்தே முக்காலுக்கு அவன் வேலை செய்த பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. ஆய்வுக்கூடத்துச் சாமான் அறையில் முக்காலியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் டாக்டர். பள்ளியும் பரிசோதனைக் கூடமும் ஒரே கரையில்தான். நடுவில் பாலம் இல்லை. நஸீஹா ஏறிய டாக்ஸி எங்கும் நிற்கவில்லை. இருந்தும் அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. சொல்ல இருப்பது அதற்கு மூன்று வருடம் முன்னால், ஷாத்லி தன் நாற்பத்திரண்டாவது வயதில் பக் எழுதிய கதை.

பள்ளிப் படிப்பை முடித்து வைக்கும் அந்தத் தேர்வில் அவன் பத்தொன்பது வயதில் ஒரு தடவையும் இருபதில் ஒரு தடவையும் தோற்றிருந்தான். பிறகு அதே ஊர்ப் பள்ளி ஒன்றில் ஆய்வுக்கூட உதவியாளனாகச் சேர்ந்தான். வருடா வருடம் ஜூன் மாதம் தேர்வு அறையில் மேசைகளை இடைவெளி விட்டுப் போடுவதும், ஒவ்வொரு மேசை மூலையிலும் எண் எழுதிய தாளைப் பசை தடவி ஒட்டுவதும் அவன் வேலை. இருபது வருடம் ஒட்டினான். ஓர் அக்டோபரில், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னான்.

"இந்த வருஷம் ஒரு நம்பர் எனக்கு."

"எதுக்கு?"

"ஒட்டி ஒட்டிச் சலிச்சுப் போச்சு. ஒரு தரமாவது அந்த நம்பருக்கு முன்னாடி உட்காரணும்."

"சம்பளம் ஏறுமா?"

"ஏறாது."

"பதவி?"

"அதுவும் இல்ல."

"அப்ப சரி" என்று நஸீஹா இன்னொரு கரண்டி குஸ்குஸை அவன் தட்டில் போட்டாள்.

சரி என்று சொல்வது சுலபம். நேரத்துக்கு எங்கே போவது? அவள் காலை ஏழரைக்கு ஊசியைக் கையில் எடுத்தால் மூன்று மணிக்குத்தான் வைப்பாள். அதன் பிறகு நடக்க முடியாத நோயாளிகளின் வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுப்பாள். அவனுக்குப் பள்ளி ஐந்து மணி வரை. வாரத்தில் இரண்டு மாலை வெந்நீர் அடுப்புகளைப் பழுது பார்க்கப் போவான். ஞாயிற்றுக்கிழமை ரிமல் கடற்கரைக்குப் போவார்கள். அன்று புத்தகம் கூடாது என்பது நஸீஹா போட்ட சட்டம். ஒரு ஞாயிறு அவன் ஈர மணலில் குச்சியால் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தான். என்னவென்று போய்ப் பார்த்தால் பனிப்போர். இந்தப் பக்கம் அமெரிக்கா, அந்தப் பக்கம் ரஷ்யா. அவள் இரண்டு நாட்டையும் காலால் அழித்தாள்.

"உலக சமாதானம். வா, குளிக்கலாம்."

வீட்டில் படிப்பு நடக்கவே இல்லை. புத்தகத்தைத் திறந்தால் நான்கு நிமிடத்தில் தூங்கிவிடுவான். நஸீஹா கடிகாரம் வைத்துப் பார்த்தே சொன்னாள். ஆக மிஞ்சியது பாலம் ஒன்றுதான்.

அந்த ஊரில் தாமதத்துக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பல் டாக்டர் பிந்தி வந்தாலும் மாப்பிள்ளை பிந்தி வந்தாலும், "பாலத்தைத் தூக்கிட்டாங்க" என்றால் போதும், அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். கப்பல் போகும்வரை யாருக்கும் எந்த வேலையும் கிடையாது. அந்த நேரத்தை ஷாத்லியும் நஸீஹாவும் எடுத்துக்கொண்டார்கள். சிவப்பு விளக்கு எரிந்து சங்கு ஊதியதும் அவள் நோட்டைத் திறப்பாள். அவள் வாசிப்பாள், அவன் திருப்பிச் சொல்வான். காருக்குள் அவன் தூங்கவில்லை. முன்னாலும் பின்னாலும் வண்டி நிற்க, எப்போது நகரச் சொல்வார்களோ என்று காத்திருந்ததால் மூளை விழித்தபடியே இருந்தது.

ஒரே ஒரு சிக்கல். பாடம் எவ்வளவு நீளம் என்பதைக் கப்பல்தான் முடிவு செய்தது. கோதுமை ஏற்றிய பெரிய கப்பல் ஆடி அசைந்து போனால் ஒரு பாடம் முழுதாக முடியும். யாரோ பணக்காரனின் பாய்மரப் படகு போனால் முன்னுரையோடு சரி. விட்டதைப் பிறகு பார்க்கலாம் என்று மறுநாள் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். பாடம் ஏராளமாக இருந்தது. நஸீஹா நோட்டு ஓரத்தில் குறித்து வைத்தாள்: 'ஜப்பான் – கோதுமைக் கப்பல், முழுசு.' 'பிரேசில் – இரும்புக் கப்பல், பாதி.' 'பனிப்போர் – பாய்மரம், கால்வாசி.'

கதவுக் கண்ணாடி இறங்கியிருப்பதால் பக்கத்து வண்டிகளிலும் பாடம் கேட்டது. டாக்ஸிக்காரர் அம்மாருக்குத் தத்துவம் பிடித்துப்போயிற்று.

"தானும் பிறரும்னு படிச்சீங்களே, லல்லா" என்று ஒருநாள் நஸீஹாவைப் பார்த்துத் தலையை நீட்டினார். "பிறர்னா யாரு?"

"நீங்க சொல்லுங்க."

"எனக்கு முன்னாடி நிக்கிற லாரிக்காரன். எனக்கு அவன் பிறர். அவனுக்குப் பின்னாடி நிக்கிற நான் பிறர். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டிருக்கோம். கடைசியில பார்த்தா ரெண்டு பேருமே நிக்கிறது ஒரே கப்பலுக்கு."

"அண்ணே, இதைப் புத்தகத்துல ஆறு பக்கத்துக்கு எழுதியிருக்கான்" என்றான் ஷாத்லி.

"அவனுக்கு அன்னிக்குச் சவாரி இல்லையோ என்னமோ."

ஜூன் வந்தது. இந்த முறை ஷாத்லி வேறொரு பள்ளியில் போய் எழுதினான். முதல் நாள் வெளியே வந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "நம்பரைக் கோணலா ஒட்டியிருக்கான்" என்பது. மூன்றாம் நாள் புவியியல். வாசலில் காத்திருந்த நஸீஹா அவன் நடையைப் பார்த்தே கேட்டாள்.

"என்ன கேட்டாங்க?"

"பிரேசில்."

"பிரேசில்ல என்ன?"

"தொழில் வளர்ச்சி."

நஸீஹா கண்ணை மூடிக்கொண்டாள். பிரேசிலில் காடு, ஆறு, காப்பி மூன்றும் முடிந்து, தொழிற்சாலை என்று வாய் திறந்தபோது பாலம் இறங்கிவிட்டது. அது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"அப்ப என்ன எழுதின?"

"காட்டைப் பத்தி மூணு பக்கம். கடைசியில, இவ்வளவு பெரிய காட்டுக்கு நடுவில தொழிற்சாலை கட்டுறது கஷ்டம்னு முடிச்சேன்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பள்ளி வாசலில், பிள்ளைகளுக்காகத் துஆ ஓதிக்கொண்டு நின்ற தாய்மார்கள் திரும்பிப் பார்க்கும்வரை சிரித்தாள்.

முடிவு வந்தது. சராசரி ஒன்பது புள்ளி மூன்று ஒன்று. பத்து வேண்டும். தோல்வியும் இல்லை, தேர்ச்சியும் இல்லை. குறைந்த பாடங்களை ஒரு வாரத்தில் திரும்ப எழுதலாம். அன்றைக்கு அவன் சாப்பிடாமல் எழுந்துபோனான். மூன்றாவது தடவையும் தோற்றால், அடுத்த ஜூனில் பசைக் கிண்ணத்தைக் கையில் எடுக்க முடியாது என்று பால்கனியில் நின்று சொன்னான். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான். வருடம் முழுக்க விளையாட்டாகவே பேசியவன் அப்படிச் சொன்னது அவளைக் குத்தியது.

நோட்டை எடுத்து வந்து அவன் முன்னால் விரித்தாள். "உனக்குப் பாடம் தெரியாம இல்ல. எல்லாப் பாடத்துலயும் பின்பாதிதான் தெரியாது. ஒரு வாரத்துல பின்பாதியை முடிப்போம்."

வீட்டில் உட்கார்ந்தார்கள், நான்கு நிமிடத்தில் தூங்கினான். வாசலில் நிறுத்திய காருக்குள் உட்கார்ந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் வந்து, "வண்டி கெட்டுப்போச்சா?" என்று கேட்டபோது ஷாத்லி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பாலமும் சிவப்பு விளக்கும் இல்லாமல் அந்த மூளை வேலை செய்யாது என்று தெரிந்துபோயிற்று.

மறுநாள் இருவரும் விடுப்புச் சொல்லிவிட்டுப் பாலத்துக்குப் போனார்கள். அன்றைக்கென்று கப்பல் இல்லை. தாண்டிப் போய், அந்தக் கரையில் திரும்பி, மறுபடி தாண்டி வந்தார்கள். ஆறு தடவை. பச்சை விளக்கு மாறவே இல்லை. அடுத்த நாளும் அப்படித்தான். ஊர் முழுக்கக் கப்பல் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்க, நஸீஹா மட்டும் வர வேண்டும் என்று வேண்டினாள். வெளியே தெரிந்திருந்தால் அடி விழுந்திருக்கும்.

"என்ன தொலைச்சீங்க, ரெண்டு நாளா தேடுறீங்க?" என்று அம்மார் பக்கத்தில் வண்டியை மெதுவாக்கிக் கேட்டார்.

"கப்பலை."

மூன்றாம் நாள் வியாழன், நாலேகால் மணிக்குச் சங்கு ஊதியது. நஸீஹா கைதட்டினாள். பின்னால் நின்ற காய்கறி வண்டிக்காரர் எட்டிப் பார்த்து, "அம்மா, யாருக்குக் கல்யாணம்?" என்றார். உள்ளே வரும் கப்பல் ஒன்று, அது போனதும் வெளியே போகும் கப்பல் ஒன்று. வெயில் தகரத்தைச் சுட்டது. எல்லோரும் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஷாத்லியின் காருக்குள் பிரேசிலில் இரும்பு ஆலைகள் எழும்பின, சாவ் பாவ்லோ வளர்ந்தது, பனிப்போர் முடிந்து பெர்லின் சுவர் விழுந்தது. தத்துவத்தில் கடைசிப் பாடத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தபோது பாலம் இறங்கிப் பொருந்தியது. விளக்கு பச்சையானது.

இன்னும் எட்டு வரி இருந்தது.

ஷாத்லி சாவியில் கை வைக்கவில்லை. "வாசி" என்றான். பின்னால் ஹாரன் பிளந்தது. நஸீஹா குரலை உயர்த்தினாள்; ஹாரனும் உயர்ந்தது. முன்னால் இருந்த டாக்ஸியிலிருந்து அம்மார் இறங்கி வந்து, காருக்குப் பின்னால் போய், இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"கொஞ்சம் பொறுங்க, பாடம் முடியல."

"என்ன பாடம்யா?"

"பக் பாடம். எட்டு வரிதான் பாக்கி."

இதைக் கேட்டதும் காய்கறி வண்டிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுத்தார். அவருக்குப் பின்னால் இருந்தவரிடம் திரும்பி, "பக்காம்" என்றார். அந்த வார்த்தை வரிசையில் பின்னோக்கிப் போனது. துனீசியாவில் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் எல்லோரும் அடங்குவார்கள். நஸீஹா எட்டு வரியையும் வாசித்தாள், அவன் எட்டு வரியையும் திருப்பிச் சொன்னான், கார் கிளம்பியது. கடக்கும்போது ஒவ்வொரு வண்டிக்காரனும் ஏதாவது சொல்லிவிட்டுப் போனான். பாதி வாழ்த்து, பாதி வசவு.

மறுதேர்வின் முடிவு வந்த அன்று அவள் அடுப்படியில் முட்டை வைத்த பிரிக் பொரித்துக்கொண்டிருந்தாள். அவன் கைபேசியைப் பார்த்தான், அப்படியே அவளிடம் நீட்டினான். படித்ததும் அவள் குலவையிட்டாள். எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு குலவை பதிலுக்கு வந்தது, அதற்கு அப்பாலிருந்து இன்னொன்று.

"மெதுவா. எனக்கு நாற்பத்திரண்டு வயசு" என்றான்.

"அதனாலதான் இவ்வளவு சத்தம்."

எண்ணெயில் பிரிக் கருகியது. அதைப் பார்க்க யாரும் இல்லை. இருவரும் காரில் ஏறி, தேறிய பிள்ளைகளின் குடும்பங்கள் போல ஹாரன் அடித்துக்கொண்டு பாலத்தைத் தாண்டினார்கள். கடலோரச் சாலையில் ஒரு காரின் ஜன்னலில் உட்கார்ந்திருந்த இளைஞர்கள் கத்திக் கேட்டார்கள்.

"அண்ணே, பையன் பாஸா?"

"பையன் நான்தான்" என்று ஷாத்லி கத்தினான்.

அவர்கள் ஒரு நிமிடம் விழித்தார்கள். பிறகு அந்தக் கார் இவர்கள் காரைச் சுற்றிச் சுற்றி வந்தது. அவர்களில் ஒருவன் தன் தொப்பியைக் கழற்றி வீச, அது நஸீஹாவின் மடியில் விழுந்தது. அடுத்த ஜூனில் ஷாத்லி தன் பள்ளியில் மேசை மேசையாக எண் ஒட்டினான். ஒவ்வொன்றையும் அளவுகோல் வைத்து நேராக ஒட்டினான் என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள்.

அவன் இறந்த இரண்டாம் மாதம், ஏப்ரலில், ஓய்வூதிய அலுவலகத்தில் நஸீஹாவின் முறை வந்தது. மேசைக்கு அப்பால் இளம்பெண் ஒருத்தி. ஷாத்லியின் பெயர், பிறந்த தேதி, வேலை எல்லாம் கேட்டு எழுதினாள்.

"படிப்பு? பக் வரைக்கும்னு போடட்டுமா?"

எழுதித் தேறாதவர்களுக்கு அப்படித்தான் போடுவார்கள்.

"வரைக்கும் இல்ல, மகளே. பக்."

"பாஸ் பண்ணினாரா?"

"பண்ணினார். மறுதேர்வுல."

"அது இதுல வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் ஒரே சொல்லை எழுதினாள். சராசரிக்கு அந்தத் தாளில் இடம் இல்லை. பத்து புள்ளி பூஜ்யம் நான்கு.